பதக்கத்தில் வறுமைக்குப் பங்கு உண்டா?

2022 மே மாதத்தின் பிற்பாதியில் கோவில்பட்டிக்கு இரட்டை மகிழ்ச்சி. கிருஷ்ணா நகரில் உள்ள செயற்கைப் புல்தரை மைதானத்தில் தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பல மாநிலங்களின் அணிகள் வந்து ஊரில் தங்கியிருந்தன. அதே நாட்களில் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. மே 23 அன்று பாகிஸ்தானோடு 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் கார்த்தி செல்வம். அரியலூர்க்காரர், கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தங்கிப் பயின்றவர். அணியில் இருந்த இன்னொருவர் மாரீஸ்வரன் சக்திவேல், கோவில்பட்டியின் சொந்தப் பிள்ளை. இந்தியா வெண்கலத்தோடு திரும்பியது. இருவரும் எளிய உழைப்பாளிக் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பதால், அவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஆட்டத்துக்குக் கிடைத்த இடத்தைவிட வீட்டுக் கஷ்டத்துக்குக் கிடைத்த இடம் அதிகம். இது புதிதல்ல. ஏழை வீட்டுப் பிள்ளை விளையாட்டில் வென்றால் நாம் ஒரே கதையைத்தான் சொல்கிறோம்: பட்ட துன்பமே அவரைப் பட்டை தீட்டியது. பாராட்டும் நோக்கத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் அறிவியல்பூர்வமாகச் சோதிக்கத்தக்க ஒரு கூற்று இருக்கிறது. துன்பம் காரணம், வெற்றி விளைவு என்பது அந்தக் கூற்று. அது உண்மையா என்று பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. ஏனென்றால் அது உண்மையானால், குழந்தைகளின் கஷ்டத்தைக் குறைக்க நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

முதலில் எளிய கணக்கு ஒன்று. ஒரு வட்டாரத்தில் 1,000 பிள்ளைகள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். அவர்களில் 900 பேர் கஷ்டமான வீடுகளில் வளர்கிறார்கள், 100 பேர் வசதியான வீடுகளில். இருபது ஆண்டுகளில் இவர்களிடமிருந்து 10 பேர் மாநில அளவில் வெல்கிறார்கள். அந்த 10 பேரில் 6 பேர் ஏழைகள் என்று வைத்துக்கொள்வோம். செய்தியாளர் வந்து பார்த்தால், வென்றவர்களில் பெரும்பான்மையோர் ஏழைகள் என்று எழுதுவார். அவர் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் ஏழைப் பிள்ளை ஒருவர் வெல்லும் வாய்ப்பு 150இல் 1. வசதியான பிள்ளைக்கோ 25இல் 1. அதாவது வறுமை அந்தப் பிள்ளையின் வாய்ப்பை ஆறில் ஒன்றாகக் குறைத்துவிட்டது. ஆனாலும் மேடையில் நிற்பவர்களை மட்டும் எண்ணினால் வறுமைதான் வீரர்களை வளர்க்கிறது என்று தோன்றும். மேடைக்கு வராத 894 ஏழைப் பிள்ளைகளை யாரும் பேட்டி காண்பதில்லை. நம்முடைய தன்னம்பிக்கைக் கட்டுரைகள், பள்ளி ஆண்டு விழாப் பேச்சுகள் எல்லாவற்றிலும் இந்த எண்ணாமல் விட்டவர்களின் பிழை இருக்கிறது. இது வெறும் புள்ளியியல் நுட்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. எண்ணாமல் விட்டவர்களும் பிள்ளைகள்.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் வட்டாரத்துக்கு இந்தக் கணக்கைக் கற்பனையில் போட வேண்டிய தேவைகூட இல்லை; அதன் வரலாறே போட்டுக் காட்டியிருக்கிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் எட்டயபுரத்தைத் தாண்டினால் எப்போதும்வென்றான். அங்கிருந்து மேற்கே கோவில்பட்டி, கழுகுமலை, வடக்கே சாத்தூர், சிவகாசி வரை விரியும் மானாவாரி நிலம் வானம் பார்த்த பூமி. உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மிளகாய் எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்கியது தீப்பெட்டி ஆபீஸ் கூலி. 1970களிலும் 80களிலும் அந்தக் கூலியில் ஒரு பங்கைச் சம்பாதித்தவர்கள் குழந்தைகள். விடியுமுன் ஊருக்குள் வரும் ஆபீஸ் வண்டியில் ஏறி, குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் இருட்டிய பிறகு திரும்பினார்கள். 1979இல் குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராய மத்திய அரசு குருபாதசுவாமி குழுவை அமைத்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி, குழந்தைகளுக்கான நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. துன்பம்தான் வீரரை உருவாக்கும் என்றால், அந்தத் தலைமுறையின் கரிசல் கிராமங்கள் இந்தியாவின் விளையாட்டுத் தலைநகரமாக ஆகியிருக்க வேண்டும். கஷ்டத்துக்கு அங்கே குறைவே இல்லை. கோவில்பட்டியில் ஹாக்கியும் பல பத்தாண்டுகளாக இருந்தது. சாயங்கால வெளிச்சமும் வயிறு நிறைந்த உடம்பும்தான் அந்தப் பிள்ளைகளிடம் இல்லை.

உடம்பிலிருந்து பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஹாக்கி 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடப்படுகிறது. பாய்வது, நிற்பது, திரும்பப் பாய்வது என்று ஓயாத ஓட்டம். இந்த ஓட்டத்துக்குத் தேவையான ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோவது இரத்தத்தின் ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவருக்கு ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கிடைக்கும். 10 கிராம் உள்ளவருக்குச் சுமார் 13 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதயம் வேகமாகத் துடித்து இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் உச்ச வேகத்தில் ஓடும்போது அந்த ஈடுகட்டலுக்கு எல்லை வந்துவிடும். எவ்வளவு மன உறுதி இருந்தாலும் இரத்தத்தில் இல்லாத இரும்புச்சத்தை அது உண்டாக்காது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். இந்தக் குள்ளத்தன்மை பெரும்பாலும் கருவில் தொடங்கி இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஏறக்குறைய 1,000 நாட்களில் ஏற்படுகிறது. அப்போது விட்ட உயரத்தைப் பதினைந்து வயதில் எந்தப் பயிற்சியாளரும் முழுதாக மீட்டுத் தர முடியாது.

மன அழுத்தமும் உடம்பின் வழியாகத்தான் வேலை செய்கிறது. ஆபத்து என்று மூளை உணரும்போது அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, கவனம் கூர்மையாகிறது. போட்டிக்கு முந்தைய அரைமணி நேரத்துக்கு இது நல்லது. வீட்டில் அடி உதையும் கடன்காரர் குரலும் குடிகாரத் தகப்பனும் அன்றாடமாக இருக்கும் பிள்ளைக்கு இந்த அபாய மணி அணைவதே இல்லை. தூக்கம் கெடுகிறது, நோய் எதிர்ப்பு குறைகிறது, தசை கட்டப்படும் வேகத்தைவிடக் கரையும் வேகம் கூடுகிறது. இதன் நீண்ட கால விளைவை 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. 9,500க்கும் மேற்பட்டவர்களிடம் குழந்தைப் பருவக் கொடுமைகளைப் பற்றிக் கேட்டார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளைக் கண்டவர்களுக்கு, ஒன்றும் காணாதவர்களைவிடக் குடிநோயும் போதைப் பழக்கமும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் நேரும் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. இதயநோய், நுரையீரல் நோய் எல்லாம் அதே திசையில் ஏறின. பட்டை தீட்டும் கல்லுக்குரிய அடையாளம் இந்த எண்களில் எங்கும் இல்லை.

எதிர்த்தரப்பிலும் சான்று இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. 2010இல் மார்க் சீரியும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் 2,398 பேரை ஆராய்ந்தபோது, வாழ்க்கையில் ஓரளவு துன்பம் கண்டவர்கள், மிகுந்த துன்பம் கண்டவர்களைவிட மட்டுமல்லாமல், துன்பமே காணாதவர்களைவிடவும் மனநலத்தில் சற்று மேலாக இருந்தார்கள். விளையாட்டில் இதைவிடக் கூர்மையான கூற்று 2012இல் வந்தது: திறமை மலர அதிர்ச்சி அனுபவம் வேண்டும் என்ற பொருளில் டேவ் காலின்ஸ், ஆன்யா மக்நமாரா இருவரும் கட்டுரை எழுதினார்கள். பிரிட்டனில் ஒலிம்பிக், உலகப் போட்டிகளில் பலமுறை தங்கம் வென்ற 16 பேரையும், அதே அளவு உயர்ந்தும் பெரிய பதக்கம் பெறாத 16 பேரையும் ஒப்பிட்ட லூ ஹார்டி குழுவினரின் ஆய்வு 2017இல் வெளியானது. தங்கம் வென்றவர்களின் இளமையில் பெற்றோர் பிரிவு, மரணம் போன்ற ஒரு பெரிய இழப்பு பதிந்திருந்தது. பெரும்பாலானோர் இந்த ஆய்வை இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் மறுபாதிதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. அந்த இழப்பை ஒட்டியே விளையாட்டு தொடர்பான ஒரு நல்ல திருப்பமும் அவர்களுக்கு நிகழ்ந்திருந்தது: ஒரு பயிற்சியாளர் கண்டுகொண்டது, ஒரு விளையாட்டில் மதிப்புக் கிடைத்தது போன்றவை. துயரமும் அதற்கு ஒரு புகலும் சேர்ந்தே வந்தன. காலின்ஸும் மக்நமாராவும் பின்னர் 2016இல் உச்ச வெற்றியாளர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டபோது, வேறுபாடு பட்ட அடியின் அளவில் இல்லை என்று கண்டார்கள். அடி விழுமுன்பே கற்றிருந்த திறன்களும், அதை அணுகிய விதமும்தான் வேறுபட்டன. சீரியின் ஆய்விலும் பயன் தந்தது ஓரளவு துன்பமே. அளவு மீறியதும் வரைபடம் கீழே சரிந்துவிடுகிறது.

கரிசல் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையைக் கரிசல் மண்ணின் களிக் கனிமங்கள் உறிஞ்சி ஊதிப் பிடித்துக்கொள்கின்றன. மழை நின்ற பிறகும் தை, மாசி வரை கருங்கண்ணிப் பருத்தி அந்த ஈரத்தில்தான் காய் பிடிக்கிறது. 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரி ரகங்களைத் தேர்ந்தெடுத்ததெல்லாம் இந்தச் சேமித்த ஈரத்தை நம்பித்தான். வறட்சியில் பயிர் நிற்பதைப் பார்த்துவிட்டு வறட்சிதான் பயிரை வளர்த்தது என்று சொல்லும் சம்சாரி ஒருவரும் இருக்க மாட்டார். ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் நாம் அதைத்தான் சொல்கிறோம்.

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்வோம். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர், வெறுங்காலோடு ஓடியவர், 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். இந்தக் கதையில் வெறுங்கால்தான் தலைப்பாகிறது. ஆனால் அவரையும் தங்கையையும் வளர்த்த பாட்டி ஆரம்மாள் வயலிலும் செங்கல் சூளையிலும் உழைத்தார். பெண் பிள்ளையை ஓட விடுகிறாயே என்று பேசிய வாய்களுக்கு முன்னால் நின்றார். பள்ளிப் போட்டியில் ரேவதியின் ஓட்டத்தைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன் தயங்கிய பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். லேடி டோக் கல்லூரியில் சேர்ந்து படிக்கவும் வழி செய்தார். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவும் அப்படித்தான். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது காலை நசுக்கியது. தாய் காய்கறி விற்று வளர்த்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். பெங்களூருவில் பயிற்சி தந்தவர் சத்தியநாராயணா. விபத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் வேறொரு விளையாட்டில் வேறொரு மாரியப்பன் கிடைத்திருக்கக்கூடும். உடற்கல்வி ஆசிரியரை எடுத்துவிட்டால் யாரும் கிடைத்திருக்க மாட்டார்.

இது இரண்டு பேருடைய கதையை வைத்துச் சொல்லும் ஊகம் அல்ல. ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய், குடும்பப் பூசல் என்று பல ஆபத்துகள் ஒன்றாகச் சேர்ந்த 201 குழந்தைகளில் 129 பேர் கல்வியிலோ நடத்தையிலோ மனநலத்திலோ கடும் சிக்கலைச் சந்தித்தார்கள். 72 பேர் திறமையும் அன்பும் கொண்ட பெரியவர்களாக வளர்ந்தார்கள். அந்த 72 பேரிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது, தாய் தந்தையோ தாத்தா பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, நிலையாகப் பற்றிக்கொள்ள ஒரு பெரியவர் இருந்ததுதான். பிறவியிலேயே இனிய சுபாவம் அமைந்ததும் உதவியது என்று வெர்னர் ஒப்புக்கொண்டார். பெரியவரின் துணை காரணமா, நல்ல சுபாவமுள்ள பிள்ளையைப் பெரியவர்களுக்குப் பிடித்துப்போனதா என்ற கேள்வி எழத்தான் செய்யும். அதற்கு ருமேனியாவின் புக்கரெஸ்ட் ஆய்வு கிட்டத்தட்ட விடை தருகிறது. அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். சுபாவம் பார்த்துப் பிரிக்கவில்லை. குடும்பத்துக்குப் போன பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் அறிவுத் திறனும் பிணைப்பும் மேம்பட்டன. எவ்வளவு சீக்கிரம் போனார்களோ பெரும்பாலும் அவ்வளவு நன்மை.

இந்தக் கண்ணோட்டத்தோடு கோவில்பட்டியைப் பார்த்தால், அந்த ஊர் ஏன் இத்தனை ஹாக்கி வீரர்களைத் தருகிறது என்பதில் மர்மம் குறைந்துவிடும். பள்ளிக்கூட மைதானங்கள் இருக்கின்றன. சுற்றுக் கிராமங்களில் ஆடும் அணிகள் இருக்கின்றன. அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்துத் தம்பிமார் மட்டையைத் தொடுகிறார்கள். லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி போன்றவற்றுக்கு வெளிமாநில அணிகள் வருவதால், பெரிய ஆட்டத்தைப் பிள்ளைகள் வீட்டருகிலேயே காண்கிறார்கள். ஹாக்கியால் ரயில்வேயிலும் காவல்துறையிலும் வங்கியிலும் வேலைக்குப் போனவர்கள் ஊரில் நடமாடுகிறார்கள். இதற்கு மேல் இரண்டு பொருள்கள் சேர்ந்தன: செயற்கைப் புல்தரை, விடுதி. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது; இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. மண் தரையில் பந்து குதித்துத் திசை மாறும், அதனால் மட்டையோடு ஒட்டி உருட்டும் நளினம் வளரும். செயற்கைத் தரையில் பந்து நேராக, வேகமாக வரும், ஓட்டமும் வலுவும் வேறு மாதிரி வேண்டும். மண் தரையில் மட்டுமே ஆடிப் பழகிய பிள்ளையைச் செயற்கைத் தரையில் தேர்வுக்கு நிறுத்தினால், அவருடைய திறமை பாதி மறைந்துவிடும். எந்த ஏழைத் தகப்பனும் சொந்தப் பணத்தில் போட முடியாத தரை அது, அரசு போட்டது. விடுதி தந்தது மூன்று வேளைச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், நாள்தோறும் பார்க்கும் ஒரு பயிற்சியாளர். அரியலூரிலிருந்து ஒரு பிள்ளை கோவில்பட்டிக்கு வந்து, ஜகார்த்தாவில் கோல் அடித்து, 2023இல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவுக்கு எதிராக மீண்டும் கோல் அடித்தார் என்றால், இந்த ஏற்பாடு அந்தப் பாதையில் எடுத்துக்கொண்ட பங்கைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவர் கோவில்பட்டிக்கு வராமலே இருந்திருந்தாலும் அரியலூரில் இருந்த கஷ்டம் அப்படியேதான் இருந்திருக்கும்.

இதே வட்டாரத்தில் இன்னொரு பழைய சான்றும் உண்டு. காமராஜர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தை 1956இல் தொடங்கி வைத்த ஊர் எட்டயபுரம். சோறு போட்டால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்பது அன்றைய எண்ணம். அது உடம்பில் என்ன செய்கிறது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆந்திரத்துக் குழந்தைகளிடம் அபிஜித் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டீபன் டெர்கான் ஆகியோர் அளந்து 2014இல் வெளியிட்டார்கள். வறட்சியில் சிக்கிய குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் பின்தங்கின. பள்ளியில் மதிய உணவு கிடைத்த பிள்ளைகளுக்கு அந்தப் பின்னடைவு ஈடுசெய்யப்பட்டது. வறட்சி அதே வறட்சி. நடுவில் ஒரு தட்டு வந்தது. மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் குள்ளத்தன்மை குறைவு என்று 2021இல் வந்த ஓர் ஆய்வு, இந்தப் பயன் அடுத்த தலைமுறைக்கும் போவதைக் காட்டுகிறது. இன்று கரிசலில் ஓடும் ஒரு பெண் பிள்ளையின் எலும்பில் அவள் பாட்டி பள்ளியில் உண்ட சோறும் இருக்கலாம். விளையாட்டு வரலாறு எழுதுபவர்கள் சத்துணவுக் கூடத்தை அதில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும்.

இனி மறுப்புகள். வசதி இருந்தால் போதுமென்றால் பணக்காரப் பிள்ளைகள் எல்லாம் ஏன் வெல்லவில்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உணவும் மைதானமும் இல்லாமல் முடியாது என்று சொன்னால் அவை மட்டும் போதும் என்று பொருளாகாது. மேலும், வசதியைப் பலர் தவறான வழியில் செலவிடுகிறார்கள். ஆர்னே கியூலிக் குழுவினர் 2022இல் 6,096 வீரர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அவர்களில் 772 பேர் உலகத் தரத்தின் உச்சியில் இருந்தவர்கள். அந்த உச்சியை எட்டியவர்கள், சற்றுக் கீழே நின்றுவிட்டவர்களைவிடச் சிறு வயதில் பல விளையாட்டுகளை ஆடியிருந்தார்கள், தங்கள் முதன்மை விளையாட்டைப் பிந்தித் தொடங்கியிருந்தார்கள், தொடக்கத்தில் மெதுவாகவே முன்னேறினார்கள். ஆறு வயதில் ஒரே விளையாட்டில் பூட்டி, தனிப் பயிற்சிக்குப் பணம் கொட்டுவது இதற்கு நேர் எதிரானது. கபடி, ஓட்டம், கண்மாயில் நீச்சல், பிறகு பன்னிரண்டு வயதில் ஹாக்கி மட்டை என்று வளரும் கிராமத்துப் பிள்ளைக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. அந்த அனுகூலத்தைத் தந்தது வறுமையா, கட்டற்ற விளையாட்டு நேரமா என்று பிரித்துப் பார்த்தால், விடை தெரிந்துவிடும். வறுமை கூடும்போது முதலில் பறிபோவது அந்த நேரம்தான்.

இன்னொரு மறுப்பு வெறியைப் பற்றியது. வேறு வழியில்லாதவனுக்கு இருக்கும் வெறி, வழி இருப்பவனுக்கு வராது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை என்பது ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும். ஆனால் அந்த வேலைக்கான கதவு திறந்திருந்தால்தான் தேவை வெறியாக மாறும். கதவு இல்லாத இடத்தில் அதே தேவை பதினாறு வயதுப் பையனை மைதானத்திலிருந்து கூலி வேலைக்கு இழுத்துப் போகிறது. ஒரே அழுத்தம் ஒரு பிள்ளையை முன்னே தள்ளுகிறது, இன்னொரு பிள்ளையை விழவைக்கிறது. வேறுபாடு அழுத்தத்துக்கு வெளியே இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு அறிவியலிலிருந்தே வருவது, எனக்கு மிகவும் மதிப்புக்குரியதும் அதுதான். கஷ்டமான சூழலில் வளர்ந்த பிள்ளைகளைக் குறையுள்ளவர்கள் என்று மட்டும் பார்ப்பது தவறு, அந்தச் சூழலுக்கேற்ற தனித் திறன்களும் அவர்களிடம் வளர்கின்றன என்று வில்லம் ஃபிராங்கன்ஹவுஸ், புரூஸ் எல்லிஸ் போன்றோர் சொல்கிறார்கள். 2015இல் சிராக் மிட்டல் குழுவினர் செய்த சோதனைகளில், நிலையற்ற குழந்தைப் பருவத்தைக் கண்டவர்கள், நிச்சயமின்மை நிலவும் சூழலில் கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென மாற்றுவதில் மற்றவர்களைவிடச் சிறந்து விளங்கினார்கள். தூண்டுதலை அடக்கிக்கொள்வதில் பின்தங்கினார்கள். பந்து கைமாறிய நொடியில் தாக்குதலிலிருந்து தற்காப்புக்குத் தாவ வேண்டிய ஹாக்கியில் முதல் திறன் பெரிய சொத்து. இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த அறிஞர்களே அழுத்திச் சொல்வது, இத்திறன்கள் துன்பத்தின் சேதத்துக்கு ஈடு அல்ல என்பதை. அவர்களுடைய கருத்தின் பயன், பயிற்சியாளர் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுவதில் இருக்கிறது. அடக்கமாக வரிசையில் நிற்கும் பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுத்தால், சட்டெனத் திரும்பும் கண் கொண்ட துடுக்குப் பிள்ளையை இழந்துவிடுவோம்.

கடைசியாக, வீரர்களே தங்கள் கஷ்டம்தான் தங்களை ஆக்கியது என்று சொல்கிறார்களே என்பது. பத்து ஒலிம்பிக் தங்க வீரர்களிடம் முஸ்தபா சர்க்காரும் சகாக்களும் 2015இல் பேசியபோதும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கடந்த வலிக்கு ஒரு பொருள் கொடுத்துக்கொள்வது மனித மனத்தின் ஆரோக்கியமான வேலை. அந்த உரிமையை யாரும் அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது. ஆனால் அதே வலியைக் கண்டு, மைதானத்தை விட்டு விலகியவரிடம் கேட்டால், என் கஷ்டம்தான் என்னை ஆடவிடாமல் செய்தது என்று அதே உண்மையோடு சொல்வார். ஒரே காரணம் இரண்டு எதிர் விளைவுகளுக்கும் விளக்கமாக நின்றால், அது காரணமாக இருக்கும் தகுதியை இழக்கிறது.

அப்படியானால் இந்த வெற்றிகள் மற்றவர்களுக்கு ஊக்கம் தருவதும் பொய்யா? இல்லை, ஆனால் ஊக்கத்துக்கும் ஒரு நிபந்தனை இருப்பதை பெனலோப் லாக்வுட், ஜீவா குண்டா இருவரும் 1997இல் காட்டினார்கள். கல்லூரியில் சாதனை படைத்த ஒரு மாணவரைப் பற்றிய கட்டுரையை அதே துறையின் முதலாண்டு மாணவர்களும் நான்காம் ஆண்டு மாணவர்களும் படித்தார்கள். முதலாண்டு மாணவர்கள் உற்சாகம் கொண்டார்கள். இனி நமக்கு நேரமில்லை என்று உணர்ந்த நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அந்த உற்சாகம் வரவில்லை. எட்டக்கூடியது என்று தோன்றினால் எடுத்துக்காட்டு ஏணி, எட்டாது என்று தோன்றினால் சுவர். பெரிய விளையாட்டு விழாக்களைப் பார்த்து மக்கள் தாமாக விளையாட வருகிறார்களா என்று ஒலிம்பிக் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கும், பார்த்ததால் மட்டுமே புதியவர்கள் வருவதற்குச் சான்று கிடைக்கவில்லை. கோவில்பட்டி மைதானத்தருகே வசிக்கும் பையனுக்கு மாரீஸ்வரன் ஏணி. எப்போதும்வென்றான் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்கு அவர் எதுவாகத் தெரிகிறார் என்பது, அவளுடைய பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, அவளுக்கு ஹீமோகுளோபின் சோதித்து இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறதா, மாலைப் பயிற்சி முடிந்து எட்டயபுரம் வழியாக ஊர் திரும்ப ஏழு மணிக்கு மேல் ஒரு பஸ் இருக்கிறதா, மகளை விடுதிக்கு அனுப்பத் தயங்கும் தாயிடம் வந்து பேச ஒரு பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா என்பவற்றைப் பொறுத்தது. இந்த நான்கையும் மாவட்ட நிர்வாகம் ஒரே கல்வியாண்டுக்குள் எண்ணிப் பார்க்க முடியும். அடுத்த முறை பரிசளிப்பு விழாவில் ஏழை வீட்டுப் பிள்ளையின் கஷ்டத்தை ஒலிபெருக்கியில் விவரிக்கும் முன், அந்த எண்ணிக்கையைத் தலைமையாசிரியர்கள் மேடையில் படிக்கட்டும்.